இரண்டாவது கியர்

ஜனவரி 3, புதன்

பார்சல் வந்துவிட்டது. சுலோசனா கையெழுத்துப் போட்டு வாங்கி பூஜை அறையில் வைத்துக் குங்குமமும் இட்டிருக்கிறாள். முருகன் படத்துக்குக் கீழே இரண்டு பிரேக் டிரம். புதுச் சாமானைச் சாமிக்குக் காட்டாமல் பிரிக்கக் கூடாதாம்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடம் பேருந்துப் பணிமனை, அதில் கடைசிப் பதினொரு வருடம் பிரேக் பகுதிக்கு ஃபோர்மேன். ஊர் சுற்ற வேண்டும் என்று நானே சேஸிஸ் வாங்கி, வெல்டிங் வைத்துக் கட்டியது இந்தக் கேரவன். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். இராமேசுவரம் வரை போய் வந்தாயிற்று. குறை ஒன்றுதான். இதற்கென்று தனி பிரேக் கிடையாது. சமவெளியில் பரவாயில்லை. இறக்கத்தில் பின்னாலிருந்து ஜீப்பை முட்டித் தள்ளும். அதற்காகத்தான் வெளிநாட்டிலிருந்து கரண்ட் பிரேக் தருவித்திருக்கிறேன். ஜீப்பில் பிரேக்கை மிதித்தால் கேரவனுக்குக் கரண்ட் போய் அதன் சக்கரத்தையும் பிடிக்கும்.

பொங்கலுக்குக் கோத்தகிரி போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 5, வெள்ளி

மாட்டியாயிற்று. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தேன்.

அப்படியே போல்ட் போட்டு முடுக்கினால் போதும் என்று பெட்டிக்குள் ஒரு தாளில் படம் போட்டிருந்தான். எங்கள் பணிமனையில் அந்தப் பேச்சே கிடையாது. கம்பெனியிலிருந்து வந்தாலும் பிரித்து, துடைத்து, மறுபடி கோத்த பிறகுதான் வண்டியில் ஏறும். அதே மாதிரி பிரித்தேன். ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷூ, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பிறைகள். பேருந்தில் இரண்டிலும் மேலே ஒட்டிய உரசுபட்டை, லைனிங், ஒரே நீளம் இருக்கும். இதில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. வெள்ளைக்காரனும் மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான் போல. குட்டையை முன்பக்கம் வைத்திருந்தான். முன்னால்தானே பிடிப்பு அதிகம் வேண்டும். நீளமானதை முன்பக்கமும் குட்டையைப் பின்பக்கமும் மாற்றிக் கோத்தேன்.

தாளைப் படிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் இதைத்தானே செய்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

காரமடை பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியது குழந்தைவேலு, சுலோசனாவின் தம்பி. என் முழங்கால் கிளட்சுக்கு ஒத்துக்கொள்ளாது. அவன் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடமாக வேன் ஓட்டுகிறான். எறும்புக்கும் வழி விட்டு ஓட்டுகிற ஆள். வண்டியில் ஏறினால் பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது.

ஓட்டிவிட்டு இறங்கியவன், பிடிப்பு கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது என்றான். புது லைனிங் நூறு கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தால்தான் படியும், அதற்கு முன்னால் கடவுளே மிதித்தாலும் பிடிக்காது என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க மாமா" என்றான்.

கரண்ட்டைக் கூட்டும் திருகை இரண்டு பாயிண்ட் ஏற்றி வைத்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

கோத்தகிரி. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. தேயிலைத் தோட்டத்து ஓரம் கேரவனை நிறுத்தி, உள்ளேயே பொங்கல் வைத்தாள் சுலோசனா. குளிரில் குழந்தைவேலு சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மாட்டுக்குப் பதிலாகக் கேரவனுக்குப் பொட்டு வைத்தான். நன்றாக இருந்தது. எனக்கு இப்படித்தான் வயதாக வேண்டும்.

ஜனவரி 17, புதன்

இறங்கும்போது விபத்து. மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம்.

ஜனவரி 18, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

இறங்கும் வழியில் குஞ்சப்பனை ஊருக்கு மேலே ஒரு வளைவில் கேரவன் பின்னாலிருந்து தள்ளியது. குழந்தைவேலு பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கமாக ஒடித்தான். ஜீப் பாறையில் முட்டி நின்றது. கேரவன் ஓடையில் சாய்ந்தது. அவனுக்கு நெற்றியில் எட்டுத் தையல். சுலோசனாவுக்கு வலது மணிக்கட்டு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்குச் சிராய்ப்பு மட்டும்.

அவன் மூன்றாவது கியரில் வந்தான். அந்த இறக்கத்தில் இரண்டில் வந்தால்தான் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன், சொல்லவும் சொன்னேன். போலீஸ்காரர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு குழந்தைவேலு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கேரவன் சக்கரத்தில் கருகிய வாடை அடித்தது. ஜீப் கிளட்சாகத்தான் இருக்கும்.

ஜனவரி 20, சனி

சமையல் இப்போது நான். ரசத்தில் புளி தூக்கல். தோசை மாவு புளிக்கவே இல்லை. சுலோசனா ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் குறை சொல்லாமல் சாப்பிடுவதை முப்பத்தைந்து வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

காலையில் அவளுக்குத் தலை வாரிச் சடை போட வேண்டியிருக்கிறது. இரண்டு கால் பின்னல் வருகிறது, மூன்று கால் வரமாட்டேன் என்கிறது.

ஜனவரி 22, திங்கள்

கிரேன் வைத்துக் கேரவனைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். ஒரு பக்கத் தகடு நசுங்கி, இரண்டு ஜன்னல் போயிருக்கிறது. அச்சு நேராகத்தான் இருக்கிறது.

ஓடையில் கிடந்த கேரவனின் படம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றி, பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. பெற்றோர் கேட்கிறார்களாம். குழந்தைவேலுவை விசாரணை முடியும் வரை வேனைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 25, வியாழன்

சும்மா இருக்கப் பிடிக்காமல் டிரம்மைக் கழற்றினேன். பராமரிப்புதானே.

பின்பக்கம் இருந்த குட்டை லைனிங் கருகி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. முன்பக்கத்து நீள லைனிங்கில் பாதிக்கு மேல் டிரம் உரசிய தடமே இல்லை. இரண்டு சக்கரத்திலும் அதே கதை. அப்புறம் பெட்டியைத் தேடி அந்தத் தாளை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். குட்டை முன்பக்கம், நீளம் பின்பக்கம். முன் ஷூ முதலில் தொட்டு, சுழல்கிற வேகத்தில் பின் ஷூவைத் தள்ளுமாம். வேலையெல்லாம் பின் ஷூதான் செய்யுமாம். அதனால் அதற்குத்தான் நீளம். மாற்றிப் போட்டால் இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தான்.

பத்து நிமிடம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எமரி பேப்பர் போட்டு நான்கு லைனிங்கையும் தேய்த்துச் சுத்தம் செய்து, படத்தில் உள்ளபடி சரியாகக் கோத்து மூடிவிட்டேன். பழக்கம். தப்பாக இருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

ஜனவரி 26, வெள்ளி

கத்தரிக்காய்ப் பொரியல். தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 2, வெள்ளி

குழந்தைவேலுவைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். தையல் பிரித்துவிட்டார்கள். புருவத்துக்கு மேலே தழும்பு நிற்கிறது.

எனக்கு அவன் காபி போட்டுக் கொடுத்தான். இப்போது வாசலில் இருக்கும் சொந்த மொபெட்டைக்கூட எடுப்பதில்லையாம். கடைக்கும் நடந்தே போகிறானாம். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நானு செகண்ட்லதான் வந்தேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க மாமா. கை செகண்ட் போட்ட மாதிரியேதான் ஞாபகம் இருக்குது. ஆனா நீங்க பக்கத்துல இருந்து பாத்திருக்கறீங்க. நீங்க சொன்னா அது தேர்டாத்தான் இருக்கோணும். என்ற கை என்ன பண்ணுச்சுன்னே எனக்குத் தெரியலைன்னா, நாளைக்கு முப்பது குழந்தைகளை வெச்சுட்டு நான் எப்படிங்க ஓட்டறது?"

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

சடை போடும்போது சுலோசனா கேட்டாள், எந்த வளைவுக்கு அப்புறம் தம்பி மூன்றாவது கியர் போட்டான் என்று. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. டீக்கடை வளைவு தாண்டி என்றேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். பின்னலைக் கலைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

குழந்தைவேலுவுக்குப் பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. போலீஸ் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தார்களாம். இறக்கத்தில் தவறான கியரில் ஓட்டியவரைக் குழந்தைகள் வண்டியில் வைத்துக்கொள்ள முடியாதாம். இந்த மாதத்தோடு அவனுக்கு வேலை இல்லை. பதினான்கு வருடத்தில் ஒரு கீறல் போட்டதில்லை அவன்.

கடிதத்தைப் போனில் வாசித்துக் காட்டியவன், பள்ளிக்கூடத்தின் மேல் தப்பில்லை என்றான்.

பிப்ரவரி 7, புதன்

சொல்லிவிட்டேன். குழந்தைவேலுவை வீட்டுக்கு வரச் சொல்லி, சுலோசனாவையும் உட்காரவைத்து, ஷூவை மாற்றிப் போட்டது நான்தான் என்று சொன்னேன். தாளைப் படிக்காததையும் சொன்னேன். அந்தத் தாளையே கையில் கொடுத்தேன்.

அவன் படத்தை விரல் வைத்துப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவனோ, தெரியாமல் நடந்ததுதானே, விடுங்கள் என்றான். சுலோசனா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு கையால் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பள்ளித் தாளாளர் மரகதவல்லி அம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முப்பத்து மூன்று வருட ஃபோர்மேன் பிரேக்கை மாற்றிக் கோப்பாரா என்று கேட்டார். கோத்தேன் என்றேன். மைத்துனருக்காக இவ்வளவு தூரம் இறங்கி வருகிறீர்களே என்று இரக்கமாகச் சொன்னார். என் வாழ்நாளில் ஒரு உண்மை சொன்னதற்கு இப்படி இரக்கம் காட்டியவர்கள் கிடையாது.

இருந்தாலும் நல்ல மனுஷி. வாகனங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரான்சிஸை என்னோடு வீட்டுக்கு அனுப்பினார். பிரான்சிஸ் பழைய லாரிக்காரர். டிரம்மைக் கழற்றி, டார்ச் அடித்து, தாளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "எல்லாம் கரெக்டா இருக்குதே சார்" என்றார். இருக்காதா பின்னே. என் கையால் சரிபண்ணி, தடயத்தை எமரி பேப்பரால் தேய்த்து வைத்திருக்கிறேனே. பழக்கம் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். பழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. பயம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒன்று தோன்றியது. மறுபடி தப்பாகவே கோத்து, பள்ளி மைதானத்தில் ஓட்டிக் காட்டுவது. அங்கேயே எல்லார் முன்னாலும் பிரித்துச் சரியாகப் போட்டு, மறுபடி ஓட்டிக் காட்டுவது. தாளாளரிடம் பேசினேன். சனிக்கிழமை பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், வாருங்கள் என்றார்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஜீப் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. கேரவனில் நீள ஷூவை முன்னாலும் குட்டையைப் பின்னாலும் வைத்துக் கோத்தேன். தெரிந்தே தப்பாகப் பிரேக் கோப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். ஜனவரியில் இதே வேலையைச் சீட்டியடித்துக்கொண்டு செய்தேன்.

பிப்ரவரி 17, சனி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மைதானத்தில் தாளாளர், பிரான்சிஸ், பள்ளி டிரைவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்கு என்னைப் பணிமனையிலேயே தெரியும். ஃபோர்மேன் சார் என்று வணக்கம் வைத்தார்கள். குழந்தைவேலு ஓட்டமாட்டேன் என்று தள்ளி நின்றுகொண்டான். பிரான்சிஸ் ஓட்டினார். முப்பது கிலோமீட்டர் வேகம், ஜீப் பிரேக்கைத் தொடாமல் ஜீப்பில் வைத்திருக்கும் கைப் பொத்தானால் கேரவன் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். முதல் ஓட்டத்தில் நாற்பத்தொரு காலடி வைத்து அளந்த பிறகுதான் வண்டி நின்ற இடம் வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிச் சூடேற்றியதும் ஐம்பதைத் தாண்டியது.

பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். வெயிலில் மண்டி போட்டு, முழங்கால் உயிர் போக, ஆறு டிரைவர்கள் சுற்றி நின்று பார்க்க, என் தப்பை நானே எடுத்துக் காட்டிச் சரிசெய்தேன். ஒருவன் குனிந்து, இதையா சார் மாற்றிப் போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டான். கேலி இல்லை, அவனால் நம்ப முடியவில்லை. ஆமாம் என்றேன். மறுபடி ஓட்டினார்கள். இருபத்துமூன்று காலடி.

பிரான்சிஸ் இறங்கி வந்து, இந்தப் பிரேக்கோடு அந்த இறக்கத்தில் யார் ஓட்டியிருந்தாலும் போயிருக்கும், மலைப் பக்கம் ஒடித்தவன் கெட்டிக்காரன் என்றார். தாளாளர், கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், திங்கள்கிழமை வேலைக்கு வரலாம் என்றார். அதோடு விட்டாரா? தன் தவறை இப்படி நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று ஆரம்பித்து என்னை அரிச்சந்திரன் ஆக்கிவிட்டார். டிரைவர்கள் தலையாட்டினார்கள். கிரீஸ் கையோடு அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

குழந்தைவேலு கை கூப்பினான்.

"வேண்டாமுங்க மேடம். பிரேக் சரியில்லைங்கறது சரிங்க. ஆனா தேர்ட்ல எறங்குனது நான்தானுங்களே. அது என்ற தப்புத்தான். நான் குழந்தைகளை ஏத்தமாட்டனுங்க."

சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான். அவன் நாலு எட்டு வைப்பதற்குள் நான் நினைத்தது வெட்கமில்லாத நினைப்பு. இங்கே வேண்டாம், வீட்டில் வைத்து அவனிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

"மாப்ள, நில்லு" என்றேன். "நீ எந்த கியர்ல வந்தேன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல. தூங்கிட்டிருந்தேன்."

அவன் திரும்பி வந்தான்.

"போலீஸ்கிட்ட பாத்தேன்னு சொன்னீங்களே மாமா."

"பொய் சொன்னேன். சக்கரத்துல வாடை வந்தப்பவே என்னமோ தப்புன்னு தெரிஞ்சுது. அந்த ஆளு கியர் என்னன்னு கேட்டாரு. வாயில வந்துருச்சு."

"அப்ப நானு செகண்ட்லதான் வந்தனா?"

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது. தெரியாது, அது உன் கைக்குத்தான் தெரியும் என்றேன்.

அவன் இடது கையைப் பார்த்தான். விரல்களை மடக்கிக் கீழ்ப்பக்கம் ஒருமுறை இழுத்தான். "செகண்ட்லதான் வந்தேன்" என்றான். என்னிடம் சொல்லவில்லை, பிரான்சிஸிடம் சொன்னான். பிறகு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, நானு செகண்ட்லதான் வந்தேன்" என்றான். அதோடு போனைக் கட் பண்ணிவிட்டான்.

தாளாளர் என்னை அப்புறம் பார்க்கவில்லை. ஜாக்கியையும் ஸ்பானர்களையும் நானே பொறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சுலோசனாவிடம் முழுதும் சொன்னேன். அவள் தெரியும் என்றாள். பின் சீட்டில் உட்கார்ந்து என் குறட்டையைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாளாம். பிறகு ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"திறந்திருந்தா தம்பியா நீங்களான்னு ஆயிருக்குமுங்க. ரெண்டு பேரையும் வெச்சுக்கப் பாத்தேன். அவன் கடைக்கு நடந்து போறதைப் பாத்துட்டும் சும்மா இருந்தேன் பாருங்க. என்ற தப்பும் சின்னதில்லை."

இருவரும் சாப்பிடவில்லை. இந்த நோட்டில் ஜனவரி 18 பக்கத்தைத் திருப்பினேன். நான் பார்த்தேன், சொல்லவும் சொன்னேன் என்று என் கையெழுத்தில் அழகாக இருக்கிறது. யாரும் படிக்காத நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், நான் சொன்னது பொய், தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஃபைலை மூடியாகிவிட்டது, எதற்கு இப்போது என்று அந்தப் போலீஸ்காரர் அலுத்துக்கொண்டார். சேர்த்து வையுங்கள் என்று நின்றேன். திட்டிக்கொண்டே சீல் குத்தினார்.

வரும் வழியில் குழந்தைவேலு வீட்டில் இறங்கினேன். கதவு திறந்திருந்தது. நகலைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டான். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

ஏழேகாலுக்குப் பள்ளி வேன் எங்கள் வீதியில் வந்தது. குழந்தைவேலு ஓட்டினான். நான் வாசலில் நின்றேன். சுலோசனா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அவளைப் பார்த்துத் தலையசைத்தான். என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி ரோடு பள்ளத்தில் இறங்கும். இறங்குவதற்கு முன்னால் அவன் கியரைக் குறைத்து இரண்டாவதில் போடும் சத்தம் கேட்டது. வேன் பிள்ளைகளோடு மெதுவாக இறங்கிப் போனது. இந்தத் தடவை நான் விழித்திருந்தேன்.